காலிமனையை விற்பதற்கு முன் எப்படித் தயார் செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1990களில் மாதத் தவணை கட்டி வாங்கிப் போட்ட வீட்டுமனைகள் தமிழ்நாட்டின் ஒவ்வொரு நகரத்தின் ஓரத்திலும் கிடக்கின்றன. வாங்கியவர் பெரும்பாலும் வேறு ஊரில் இருப்பார். மகளின் திருமணத்துக்கோ மகனின் படிப்புக்கோ பணம் தேவைப்படும்போதுதான் மனையின் நினைவு வரும். போய்ப் பார்த்தால் முள் மண்டி, எது தன் மனை என்பதே தெரியாத நிலையில் இருக்கும். அப்படிப்பட்ட மனைகளை விற்றுக் கொடுப்பதில் உறவினருக்கும் நண்பர்களுக்கும் பல ஆண்டுகளாகத் துணைநின்ற அனுபவத்தில், உரிமையாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. சொந்தமாக ஒன்றோ இரண்டோ மனை வைத்திருக்கும் தனிநபர்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டுள்ளது. மனைப்பிரிவு போட்டு விற்பவர்களுக்கு விதிகள் வேறு.

மனையைத் தயார் செய்வது என்றால் முள்வெட்டிச் சுத்தம் செய்வதுதானே?

அதுவும் ஒரு பகுதிதான். ஆனால் அதில் தொடங்குவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. மனையைப் பார்க்க வருபவர் மனத்தில் மூன்று சந்தேகங்கள் இருக்கும்: இந்த மனை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, இது உண்மையிலேயே இவருடையதுதானா, இதில் நான் வீடு கட்ட அனுமதி கிடைக்குமா. முள்ளை வெட்டினால் முதல் சந்தேகத்தில் பாதிதான் தீரும். மற்றவற்றைத் தீர்ப்பவை காகிதங்கள், அவற்றைச் சரிசெய்யச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகும். இன்று சுத்தம் செய்த மனையோ ஒரு மழை பெய்தால் இரண்டே மாதத்தில் பழையபடி ஆகிவிடும். ஆகவே முதலில் ஆவணம், பிறகு அளவு, அதன் பிறகு சுத்தம், வேலி, கடைசியாக விளம்பரம் என்ற வரிசையில் போவதே பணத்தையும் அலைச்சலையும் மிச்சப்படுத்தும்.

எந்தெந்த ஆவணங்களைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்?

உங்கள் பெயரில் உள்ள கிரயப் பத்திரத்தின் அசல், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்கள், வில்லங்கச் சான்று (மனைமீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியல்), பட்டா, புல வரைபடம் (சர்வே எண்ணின் அளவைப் படம்), மனைப்பிரிவு வரைபடத்தின் நகல், காலிமனை வரி செலுத்திய ரசீது ஆகியவை அடிப்படை. வில்லங்கம் குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் போட்டு வையுங்கள். வாங்குபவர் வங்கிக் கடன் எடுப்பவராக இருந்தால் வங்கியின் வழக்கறிஞர் முதலில் அதைத்தான் கேட்பார். பதிவுத்துறையின் இணையதளத்திலேயே வில்லங்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். பட்டா விவரத்தையும், நிலத்தின் வகையையும் உரிமையாளரையும் காட்டும் அ-பதிவேட்டையும் வருவாய்த்துறையின் தளத்தில் பார்க்கலாம்.

வில்லங்கச் சான்று வந்ததும் அதைக் கோப்பில் போட்டு மூடிவிடாமல் ஒவ்வொரு வரியையும் உங்கள் பத்திரத்துடன் ஒப்பிட்டுப் படியுங்கள். சர்வே எண், உட்பிரிவு எண், மனை எண், நான்கு எல்லைகள், பரப்பு ஆகிய ஐந்தும் எல்லாக் காகிதங்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பத்திரத்தில் மனை எண் 47 என்றும் வரைபடத்தில் 74 என்றும் இருப்பது போன்ற எழுத்துப் பிழைகள் நாம் நினைப்பதைவிட அதிகம். இதைப் பிழைத்திருத்தல் பத்திரம் எழுதிச் சரிசெய்யலாம், ஆனால் முதலில் உங்களுக்கு எழுதிக் கொடுத்தவரும் வந்து கையெழுத்திட வேண்டும். அவர் உயிரோடும் ஊரோடும் இருக்கும்போதே அதைச் செய்துவிடுவது நல்லது.

அசல் பத்திரம் தொலைந்திருந்தால் அதை மறைத்து வைத்து கடைசி நேரத்தில் சொல்லக் கூடாது. காவல் நிலையத்தில் புகார் அளித்து, நாளிதழில் அறிவிப்பு வெளியிட்டு, கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்றைப் பெற்று, சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலும் வாங்கி வைத்த பிறகே விற்பனைப் பேச்சைத் தொடங்குங்கள்.

பட்டா இன்னும் பழைய நில உரிமையாளர் பெயரிலேயே இருக்கிறது. அப்படியே விற்க முடியாதா?

விற்கலாம், ஆனால் விலையில் அடி விழும். 1990களில் மனை வாங்கிய பலர் பத்திரப் பதிவோடு வேலை முடிந்ததாக நினைத்துப் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்கவே இல்லை. அதனால் ஏக்கர் கணக்கில் உள்ள மொத்த நிலத்துக்கும் மனைப்பிரிவு போட்டவர் பெயரிலேயே பட்டா நிற்கும். சில இடங்களில் இருபது முப்பது பேர் பெயர் கொண்ட கூட்டுப்பட்டாவாக இருக்கும். உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்க வேண்டுமென்றால் நில அளவர் நேரில் வந்து அளக்க வேண்டும். இணையவழியிலோ பொதுச் சேவை மையத்திலோ விண்ணப்பித்துத் தொடர்ந்து பின்பற்றுங்கள். தனிப்பட்டாவும், உங்கள் மனை தனி உட்பிரிவாக வரையப்பட்ட புல வரைபடமும் கையில் இருந்தால், உங்கள் மனை பக்கத்து மனையைவிடச் சீக்கிரம் போகும். நான் பார்த்த வரையில், பணம் செலவழித்து அடித்த வர்ணச் சுவரைவிட ஒரு தாளில் உள்ள இந்தப் பட்டாவுக்குத்தான் வாங்குபவர்கள் அதிகம் மதிப்புக் கொடுக்கிறார்கள்.

எங்கள் மனைப்பிரிவு அங்கீகாரம் பெறாதது. விற்கவே முடியாது என்கிறார்களே?

அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்வதற்கான தடை 2016 அக்டோபர் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன்பே வீட்டுமனையாகப் பத்திரம் பதிவாகியிருந்தால் அந்த மனையின் மறுவிற்பனைக்கு அந்தத் தடை பொருந்தாது. ஆனால் பதிவு செய்ய முடிவது வேறு, வீடு கட்ட முடிவது வேறு. வரன்முறைப்படுத்தாத, அதாவது கட்டணம் கட்டி அரசின் ஒழுங்குக்குள் கொண்டுவராத மனைக்குக் கட்டட வரைபட அனுமதி கிடைக்காது. வங்கிக் கடனும் கிடைப்பது அரிது. அதற்காகத்தான் 2017-இல் வரன்முறை விதிகள் கொண்டுவரப்பட்டன. அதற்கான கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது. உங்கள் மனை இருக்கும் ஊராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் தற்போதைய நிலையைக் கேட்டு, கட்டணத்தைக் கட்டி உத்தரவு வாங்கி வைத்துவிட்டு விற்பதே புத்திசாலித்தனம். "வாங்குறவங்க பார்த்துக்கட்டும்" என்று விட்டால், அவர்கள் கட்டணத்தை மட்டுமல்ல, அலைச்சலுக்கும் அச்சத்துக்கும் சேர்த்து விலையில் கழிப்பார்கள்.

நிலம் கோயிலுக்கோ வக்ஃபுக்கோ உரியதாகக் குறிக்கப்பட்டு சர்வே எண் முடக்கப்பட்டுள்ளதா, பட்டியல் சாதியினருக்கென வழங்கப்பட்ட பழைய பஞ்சமி நில ஒதுக்கீட்டைச் சேர்ந்ததா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள். வாங்குபவர் முன்பணம் கொடுத்த பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் இது வெளிப்பட்டால் தலைகுனிவுதான் மிஞ்சும்.

வங்கிக் கடனை எப்போதோ அடைத்துவிட்டேன். ஆனாலும் வில்லங்கத்தில் கடன் தெரிகிறதே?

பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கியபோது அந்த ஒப்படைப்பு பதிவாகியிருக்கும். கடன் முடிந்ததும் வங்கி பத்திரத்தைத் திருப்பித் தருவதோடு, அதற்கான ரசீது ஆவணத்தையும் பதிவு செய்ய வேண்டும். பலர் பத்திரம் கைக்கு வந்த மகிழ்ச்சியில் இதை மறந்துவிடுகிறார்கள். வங்கிக் கிளைக்குப் போய் அதிகாரி வந்து கையெழுத்திட ஏற்பாடு செய்யுங்கள். கிளை மூடப்பட்டோ வேறு வங்கியுடன் இணைக்கப்பட்டோ இருந்தால் கூடுதல் நாளாகும் என்பதால் இதை முதலிலேயே எடுத்துக்கொள்வது நல்லது.

மனை காலமான தந்தையின் பெயரில் உள்ளது.

இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வாங்கி, எல்லா வாரிசுகளும் சேர்ந்து விற்பதா, அல்லது மற்றவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து ஒருவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்து அவர் மட்டும் விற்பதா என்பதை முடிவு செய்யுங்கள். திருமணமான சகோதரிகளின் கையெழுத்து தேவையில்லை என்று இன்றும் நினைப்பவர்கள் உண்டு. அது சட்டப்படி தவறு. வாரிசுகளில் மைனர் இருந்தால் அவருடைய பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டியிருக்கும். வெளிநாட்டில் உள்ள வாரிசு தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பொது அதிகார ஆவணத்தை அனுப்ப வேண்டும்; அது இங்கே வந்து முத்திரைத்தீர்வை செலுத்தப்பட்ட பிறகே பயன்படும்.

எல்லைக் கல்லே காணோம். எப்படி அளப்பது?

மனைப்பிரிவு போட்டபோது நட்ட கற்கள் முப்பது ஆண்டுகளில் மண்ணுக்குள் போயிருக்கும், அல்லது யாராவது எடுத்துத் துணி துவைக்கப் போட்டிருப்பார்கள். வரைபடத்துடன் தனியார் அளவையாளர் ஒருவரை அழைத்துப் போய், சாலையின் முனை, பூங்காவுக்கு விட்ட இடம், ஏற்கெனவே வீடு கட்டப்பட்ட மனை என நிலையாக உள்ள ஏதேனும் ஒன்றிலிருந்து அளந்து வரச் சொல்லுங்கள். பக்கத்து மனைக்காரருடன் தகராறு வரும் என்று தோன்றினால், கட்டணம் செலுத்தி அரசு நில அளவரைக் கொண்டு எல்லையை அளந்து காட்டுமாறு விண்ணப்பிப்பதே சரி. தனியார் அளவைக்கு அக்கம்பக்கத்தார் கட்டுப்பட மாட்டார்கள்.

மதுரைக்கு வெளியே என் தாய்மாமாவின் மனை ஒன்றை இப்படி அளந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். 40-க்கு 60 அடி, அதாவது 2400 சதுர அடி. ஒரு கிரவுண்டு, ஏறக்குறைய ஐந்தரை சென்ட். மூன்று மூலைகளில் கல் கிடைத்தது. நான்காவதைக் காணவில்லை. கருவேல மரத்தின் தூரைக் கிளறியபோது ஒரு அடி ஆழத்தில், வேர் இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்திருக்க, கல்லின் தலை தெரிந்தது. அந்தக் கல்லிலிருந்து நூல் பிடித்துப் பார்த்தால் பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவர் நீளவாக்கில் ஒன்றேமுக்கால் அடி உள்ளே வந்திருந்தது. அறுபது அடி நீளத்துக்கு 105 சதுர அடி. ஏறக்குறைய கால் சென்ட். சுவரை இடிக்கச் சொல்லிச் சண்டை போடுவதற்குப் பதில், அந்தப் பக்கத்து வீட்டுக்காரரிடமே அந்த நிலத்தை விற்கப் பேசினோம். மீதி மனைக்கு அளவைத் தெளிவாக எழுதி வேறொருவருக்கு விற்றோம். அளக்காமல் 2400 என்று சொல்லி விற்றிருந்தால் புதியவர் அஸ்திவாரத்துக்குக் கோடு போடும் நாளில் அது வெடித்திருக்கும்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். பிறர் 12 ஆண்டுகள் தொடர்ந்து வெளிப்படையாகவும் உங்கள் உரிமைக்கு எதிராகவும் அனுபவித்துவந்தால், எதிரிடை அனுபவ உரிமை கோர இடமுண்டு. உங்கள் மனையில் யாராவது மாடு கட்டியிருந்தாலோ கொட்டகை போட்டிருந்தாலோ அதை எடுக்கச் செய்த பிறகுதான் வாங்குபவரைக் கூட்டி வர வேண்டும்.

சீமைக் கருவேலத்தை வெட்டினாலும் மறுபடி முளைக்கிறதே?

தரைமட்டத்தில் வெட்டினால் முளைக்கத்தான் செய்யும். அடிக்கட்டையிலிருந்து பத்துப் பதினைந்து கிளைகளாகப் புதரைப்போல எழும்பும். முன்பு ஒரு மரம் நின்ற இடத்தில் இப்போது முள் புதர் நிற்கும். தூரோடு பெயர்த்தெடுப்பது ஒன்றே வழி. மழை பெய்து மண் இளகியிருக்கும்போது பொக்லைன் வைத்தால் பெரிய தூர்கூட எளிதில் வந்துவிடும். கோடையில் இறுகிய கரிசலில் அதே வேலை இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும், வண்டிக்கு மணிக்கணக்கில் வாடகை என்பதால் செலவும் கூடும்.

மரம் நன்றாகத் தடித்திருந்தால் செலவு இல்லாமலேயே வேலை முடிய வாய்ப்புண்டு. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கங்களில் கரிமூட்டம் போடுபவர்கள் விறகுக்காகவே வெட்டிக்கொண்டு போகிறார்கள்; சில இடங்களில் உரிமையாளருக்குப் பணமும் கொடுப்பார்கள். ஆனால் அவர்கள் வெட்டுவது தரைக்கு மேலே மட்டும். பேசும்போதே தூரை யார் எடுப்பது என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். பெயர்த்த பள்ளங்களை அன்றே மூடிவிட வேண்டும், இல்லையென்றால் மழைநீர் தேங்கிக் கொசு பெருகும். அதற்கு உள்ளாட்சியிடமிருந்து அறிவிப்பு வருவதும் உண்டு.

வேம்பு, தென்னை, புங்கன் இருந்தால் உடனே வெட்டிவிட வேண்டாம். மனையின் ஓரத்தில் உள்ள வேப்பமரம் பார்க்க வருபவர் நிழலில் நின்று பேச உதவும். வேண்டாம் என்றால் அவர் வெட்டிக்கொள்ளட்டும். எருக்கு, பார்த்தீனியம், நாயுருவி போன்றவற்றைக் கையால் பிடுங்கச் செய்வது போதும். பார்த்தீனியம் பூப்பதற்கு முன் பிடுங்க வேண்டும். ஆட்கள் கையுறை அணியட்டும்.

மனையில் பாம்புப் புற்று இருக்கிறது. ஆட்கள் கைவைக்க மறுக்கிறார்கள்.

வற்புறுத்தாதீர்கள். பொக்லைன் ஓட்டுபவரும் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்ப மாட்டார். புற்றின் மேல் மஞ்சள் தூவி, முட்டையும் பாலும் வைத்திருந்தால் அக்கம்பக்கத்தில் யாரோ வழிபடுகிறார்கள் என்று பொருள். அவர்களிடம் முதலில் பேசுங்கள். புற்று ஓரத்தில் இருந்தால் அப்படியே விட்டுச் சுற்றிச் சுத்தம் செய்தால் போதும். சில வாங்குபவர்களுக்கு அது தடை, சிலருக்கு அது பாக்கியம். எதுவானாலும் நேரில் வரும்போது தெரியப்போகிறது, படத்திலிருந்து மறைப்பதால் பயனில்லை.

வெட்டிய முள்ளையும் குப்பையையும் எரித்துவிடலாமா?

கூடாது. திறந்தவெளியில் கழிவுகளை எரிப்பதற்கு 2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்து அபராதமும் நிர்ணயித்தது. அதைவிடவும், காலிமனையில் வைத்த தீ காற்றில் பக்கத்து வைக்கோற்போருக்கோ மின்கம்பிக்கோ தாவினால் மனை விற்ற பணம் போதாது. கட்டட இடிபாடும் பிளாஸ்டிக்கும் கலந்து கிடந்தால் உள்ளாட்சியிடம் கட்டணம் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

மனை சாலையைவிடத் தாழ்வாக உள்ளது. மண் அடித்து உயர்த்தலாமா?

இதில் என் கருத்து பலருக்கு உவப்பாக இருக்காது: பெரும்பாலான மனைகளில் விற்பவர் மண் அடிக்கத் தேவையில்லை. கணக்கைப் பாருங்கள். ஒரு கிரவுண்டு மனையை இரண்டடி உயர்த்த 4800 கனஅடி மண் வேண்டும். 100 கனஅடி ஒரு யூனிட் என்பதால் 48 யூனிட்; மூன்று யூனிட் பிடிக்கும் டிப்பரில் 16 நடை. மண் அழுந்தும் என்பதால் உண்மையில் அதற்கும் மேலே தேவைப்படும். இவ்வளவு செலவு செய்தும், வாங்குபவர் "புது மண்ணில் அஸ்திவாரம் எப்படிப் போடுவது, அடியில் என்ன கொட்டினார்களோ" என்றுதான் கேட்பார். அஸ்திவாரக் குழி எப்படியும் பழைய இறுகிய தரை வரை போக வேண்டும். நிரப்பிய மண்ணைத் தோண்டி எடுப்பதும் அவருக்குச் செலவு. விலையைக் குறைக்க நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்ததாகிவிடும். இடிபாட்டைக் கொட்டி மேலே செம்மண் தூவி மறைப்பது இன்னும் மோசம். கடப்பாரை ஒரு குத்து குத்தினால் தெரிந்துவிடும்.

மழைநீர் தேங்குவது கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பள்ளமாக இருந்தால் மட்டும், சாலைமட்டத்துக்கு முன்பக்கப் பத்துப் பதினைந்து அடியை உயர்த்தி, கார் ஏறி இறங்கச் சரிவு வைத்தால் போதும். மண் கொண்டுவரும் வண்டிக்கு உரிய அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

சென்னையிலும் அதைச் சுற்றிலும் மனை இருந்தால் கேட்கப்படும் முதல் கேள்வி "2015-இல் தண்ணீர் வந்ததா" என்பதே. அந்த டிசம்பர் வெள்ளத்தை முடிச்சூரும் வேளச்சேரியும் மறக்கவில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டிய பிறகு தூத்துக்குடி மாவட்டத்திலும் இதே கேள்வி வந்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிடுங்கள், தண்ணீர் வந்த உயரத்தையும், எத்தனை நாளில் வடிந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால் நம்பிக்கை கூடும். நீங்கள் மறைத்தாலும் தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர் சொல்லத்தான் போகிறார்.

சுற்றுச்சுவர் கட்டலாமா, கம்பிவேலி போதுமா?

கல்கால் நட்டு முள்கம்பி கட்டினால் போதும். நாற்பதுக்கு அறுபது மனையின் சுற்றளவு 200 அடி. பத்தடிக்கு ஒரு கால் வீதம் இருபது கால்கள், ஐந்து வரிசைக்கு 1000 அடி கம்பி. ஏழடிக் கல்லில் ஒன்றரை முதல் இரண்டடி மண்ணுக்குள் போக வேண்டும். மூலைக் கால்களுக்கு முட்டுக்கால் கொடுத்தால் கம்பி தளராது. முன்பக்கத்தில் ஒரு சிறிய வாசல் வைத்துப் பூட்டுப் போடுங்கள். முழுச் சுற்றுச்சுவருக்குச் செலவழிப்பது விற்பவருக்குத் திரும்பி வராது, ஏனெனில் வாங்குபவர் தன் வீட்டு வரைபடத்துக்கும் வாஸ்துவுக்கும் ஏற்ற இடத்தில்தான் வாசல் வைப்பார்.

ஆழ்துளைக் கிணறு போட்டால் விலை கூடுமா?

தண்ணீர் கிடைப்பது நிச்சயமில்லாத பகுதியில் அது சூதாட்டம். 600 அடியிலும் புகை மட்டும் வந்தால், இனி எல்லோருக்கும் தெரிந்த வறண்ட மனை உங்களுடையது. அதற்குப் பதிலாகப் பக்கத்து மூன்று நான்கு வீடுகளில் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது, கோடையிலும் ஓடுகிறதா, உப்பா நன்னீரா என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மனையில் பயன்படாத பழைய குழி ஏதேனும் இருந்தால் அதை உடனே மண் நிரப்பி மூடுங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து குழந்தை இறந்த பிறகும் மூடாத குழிகளோடு மனைகள் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எந்த மாதத்தில் விற்பனைக்கு விடுவது நல்லது?

தை முதல் வைகாசி வரை. ஆடியிலும் மார்கழியிலும் பார்க்க வருவார்கள், ஆனால் முன்பணம் கொடுக்கத் தயங்குவார்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்த மார்கழிக் கடைசியில் தூர் எடுத்துச் சமன் செய்தால், தை பிறக்கும்போது மனை பளிச்சென்று இருக்கும். மறுபடி புல் எழும்ப நாளாகும்.

விளம்பரத்தில் என்ன எழுதுவது? படம் எப்படி எடுப்பது?

சென்ட் கணக்கும் சதுர அடியும், எந்தத் திசை பார்த்த மனை, சாலையின் அகலமும் அது தார்ச்சாலையா மண்சாலையா என்பதும், தனிப்பட்டா உண்டா, அங்கீகார எண், பக்கத்தில் வீடுகள் உள்ளனவா ஆகிய இவ்வளவும் போதும். தெருக்குத்து இருந்தாலோ உயரழுத்த மின்கம்பி மனைக்கு மேலே போனாலோ அதையும் எழுதுங்கள். ஒத்துவராதவர் வந்து பார்த்துவிட்டுப் போவதில் இருவருக்கும் பெட்ரோல் செலவுதான். "பேருந்து நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம்" என்று எழுதுவது இப்போது சிரிப்பை மட்டும் வரவழைக்கிறது, ஏனென்றால் செல்பேசி வரைபடம் எல்லோரிடமும் இருக்கிறது.

காலை ஏழு எட்டு மணி வெளிச்சத்தில் எடுங்கள். சாலையில் ஒரு காரை நிறுத்தி எடுத்தால் சாலையின் அகலம் தானாகத் தெரியும். நான்கு எல்லைக் கற்களுக்கும் வெள்ளையடித்து, மூலைகளில் சிவப்புத் துணி கட்டிய கம்புகளை நட்டு ஒரு படம் எடுத்தால், எதிர்முனையில் நிற்பவருக்கு மனையின் வடிவம் ஒரே பார்வையில் புரியும். பத்திரத்தின் படத்தைப் பொதுவெளியில் போட வேண்டாம்.

விலையை எப்படி நிர்ணயிப்பது?

கடந்த ஓராண்டில் அதே மனைப்பிரிவில் கைமாறிய மனைகளின் விலையைத் தரகரிடமும் அங்கே வீடு கட்டியவர்களிடமும் தனித்தனியே கேளுங்கள். இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ உண்மை இருக்கும். பதிவுத்துறைத் தளத்தில் உங்கள் தெருவுக்கு அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பையும் பாருங்கள். 2023 ஏப்ரல் முதல் முத்திரைத்தீர்வை 7 சதவீதமும் பதிவுக்கட்டணம் 2 சதவீதமுமாக வாங்குபவருக்கு 9 சதவீதச் செலவு உண்டு. பெண் பெயரில் பதிவு செய்தால், 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்கு 2025 ஏப்ரல் முதல் பதிவுக்கட்டணத்தில் ஒரு சதவீதச் சலுகை கிடைக்கும். சிறிய மனை விற்பவர் இதை வாங்குபவருக்கு நினைவூட்டலாம். தரகுத்தொகை எவ்வளவு, யார் கொடுப்பது என்பதைத் தரகர் முதல் ஆளைக் கூட்டி வருவதற்கு முன்பே பேசி முடியுங்கள்.

முன்பணம் ரொக்கமாகத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

நிலத்துக்கான முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமானவரிச் சட்டம் தடை செய்கிறது. வங்கி வழியாகவே வாங்கி, கிரய ஒப்பந்தம் எழுதுங்கள். விலை 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் ஒரு சதவீதத்தைப் பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்டுவார். நீங்கள் வெளிநாடு வாழ் இந்தியர் என்றால் பிடித்தம் வேறு விதமாகவும் கூடுதலாகவும் இருக்கும். 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்கும் மனையின் ஆதாயத்துக்கு 12.5 சதவீத வரி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியது என்றால், இந்தியாவில் வசிக்கும் தனிநபர் பணவீக்கச் சரிக்கட்டலுடன் 20 சதவீதம் என்ற பழைய கணக்கோடு ஒப்பிட்டுக் குறைவானதைச் செலுத்தலாம். விலையைக் குறைத்துக் காட்டிப் பதிவு செய்வதில் லாபமில்லை. வழிகாட்டி மதிப்பு நீங்கள் காட்டிய விலையைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடினால், அந்த மதிப்பையே விற்ற விலையாக வைத்து வரி கணக்கிடுவார்கள்.

வாங்க விரும்புபவர் ஆவணங்களின் நகல் கேட்கிறார். நம்பிக் கொடுக்கலாமா?

நகல் கொடுக்காமல் யாரும் வழக்கறிஞரிடம் காட்டிக் கருத்துக் கேட்க முடியாது, கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் குறுக்கேயும் யாருக்கு, எந்தத் தேதியில், சட்டக் கருத்துக்காக மட்டும் கொடுக்கப்பட்டது என்று பேனாவால் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். அசல் பத்திரத்தை உங்கள் வீட்டிலோ வழக்கறிஞர் அலுவலகத்திலோ உங்கள் கண் முன்னால் பார்க்கட்டும். "ஒரு நாள் வெச்சிருந்து தர்றேன்" என்று யார் கேட்டாலும், அது அண்டை வீட்டு அண்ணனே ஆனாலும், அசலைக் கைமாற்ற வேண்டாம். பணம் முழுவதும் உங்கள் கணக்கில் ஏறிய பிறகு, பதிவு நாளில் சார்பதிவாளர் அலுவலகத்திலேயே ஆவணப் பட்டியல் எழுதி, ஒப்புகைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள்.